சிறு துறை இணையதளங்களும் விளம்பர வருவாயும்

தோற்றுவாய்

அஞ்சல்தலை சேர்த்தல், பின்னல் வேலை, மேசை விளையாட்டு, நிழற்படக்கலை, பறவை நோக்கல் என மாந்தரின் ஆர்வத்துறைகள் பலவாகும். இவற்றுள் ஒன்றில் தோய்ந்த ஒருவர், தாம் அறிந்தவற்றைத் தம்மையொத்த ஆர்வலருக்கு வழங்க விரும்பி ஓர் இணையதளத்தைத் தொடங்குகிறார். தளத்தின் பெயரைப் பதிவு செய்யவும், அதனைக் கணினியில் தாங்கி நிற்கும் நிறுவனத்திற்கும் அவர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். எழுதும் உழைப்போ கணக்கில் ஏறுவதில்லை. இச்செலவை ஈடுசெய்ய அவர் நாடும் முதல் வழி விளம்பரமாகும். சில ஆயிரம் பேர் மட்டுமே படிக்கும் ஒரு தளம் விளம்பரத்தால் வாழ இயலுமா? இயலுமெனின், அதற்குரிய நெறி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளம்பரம் நடந்து வந்த வழி

1833ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பார் 'சன்' என்னும் நாளிதழைத் தொடங்கினார். ஏனைய நாளிதழ்கள் ஆறு செண்டுக்கு விற்ற காலத்தில் அவ்விதழ் ஒரு செண்டுக்கு விற்கப்பட்டது. விலையில் ஏற்பட்ட குறையை விளம்பரம் நிறைத்தது. இம்முறையில் இதழாளர் இரு பொருள்களை விற்பவராகிறார். வாசகருக்குச் செய்தியை விற்கிறார்; விளம்பரதாரருக்கு வாசகரின் கவனத்தை விற்கிறார். இந்த இரட்டை நிலையை நாம் நினைவிற் கொண்டால், பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

இணையத்தில் 1994 அக்டோபர் 27ஆம் நாள் 'ஹாட்வயர்டு' தளத்தில் வெளியான ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் விளம்பரம் பதாகை விளம்பரங்களுக்குத் தொடக்கமாகக் கருதப்பெறுகிறது. அக்காலத்தில் விளம்பரம் பெற விற்பனையாளரும் பெருந்திரளான வாசகரும் வேண்டியிருந்தனர். சிறு தளங்களுக்கு அவ்விரண்டும் இல்லை. 1996இல் அமேசான் நிறுவனம், தன் பொருளைப் பரிந்துரைத்து விற்பனைக்கு உதவும் தளங்களுக்குத் தரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2003இல் கூகுள் நிறுவனம் 'ஆட்சென்ஸ்' திட்டத்தைக் கொணர்ந்தது. சிறு தளத்தின் வாயிற்படிக்கே விளம்பரம் வந்து சேர்ந்தது அதன் பின்னரே எனலாம்.

ஏல முறையும் அதன் எல்லையும்

ஆட்சென்ஸ் செயற்படும் முறையைச் சுருங்கக் காண்போம். தள உரிமையாளர் தம் பக்கத்தில் சிறிதளவு இடத்தை ஒதுக்குகிறார். வாசகர் பக்கத்தைத் திறந்த கணமே அவ்விடத்திற்கு விளம்பரதாரரிடையே ஏலம் நடைபெறுகிறது. பக்கத்தின் பொருளும் வாசகரின் இடமும் ஆர்வங்களும் ஏலத்தொகையைப் பாதிக்கின்றன. வென்றவரின் விளம்பரம் தோன்றுகிறது. இவ்வாறு வரும் தொகையில் 68 விழுக்காடு தள உரிமையாளருக்குச் சேர்கிறது என்று 2010இல் கூகுள் வெளியிட்டது. முன்னர்ப் பெரும்பாலும் வாசகரின் சொடுக்கைக் கணக்கிட்டு வழங்கப்பெற்ற ஊதியம், 2023 நவம்பரில் வெளியான அறிவிப்பின்படி, 2024 முதல் விளம்பரம் காட்டப்பெறும் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு வழங்கப்படுகிறது.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். ஆயிரம் முறை விளம்பரம் காட்டினால் ஒரு டாலர் கிடைப்பதாகக் கொள்வோம். திங்கள்தோறும் பத்தாயிரம் காட்சிகள் பெறும் தளத்திற்குப் பத்து டாலர் வரும். டாலர்க் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பின்னரே ஆட்சென்ஸ் பணத்தை அனுப்பும். ஆகவே அத்தளத்தின் உரிமையாளர் பத்துத் திங்கள் காத்திருக்க வேண்டும். தலைகளை எண்ணிக் கூலி தரும் முறையில் சிறு தளம் என்றும் சிறு தளமே. ஆசை மிகுந்து தம் விளம்பரத்தைத் தாமே சொடுக்குவோரின் கணக்கு முடக்கப்பெறும் என்பதும் கருதத்தக்கது.

நேர் விளம்பர முறை

எண்ணிக்கையில் சிறுத்த தளத்திற்கு வேறொரு வலிமை உண்டு. அதன் வாசகர் அனைவரும் ஒரே நாட்டம் உடையவர். கம்பளி நூல் விற்கும் ஒருவருக்கு, வழிப்போக்கர் இலட்சம் பேரினும் பின்னல் வேலை அறிந்த ஆயிரம் பேர் மேலானவர்.

அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு ஒரு தம்பதியர் தொடங்கிய 'ரேவல்ரி' இதற்குத் தக்க சான்றாகும். பின்னல் வேலைக்கே உரிய அத்தளம், நூல் விற்போர், பின்னல் வடிவமைப்போர் முதலிய அத்துறையினரிடம் நேரே விளம்பரம் பெறுகிறது. சிறு வணிகர்க்கும் எட்டும் விளம்பரமாதலின் இரு சாராரும் பயன் அடைகின்றனர். அங்கே விளம்பரமே வாசகருக்கு ஒரு செய்தியாகிறது.

2000ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'போர்டுகேம்கீக்' மேசை விளையாட்டுகளுக்கானது. விளையாட்டு வெளியீட்டாளரின் விளம்பரத்தோடு, ஆண்டுதோறும் வாசகர் மனமுவந்து தரும் நன்கொடையும் அதனைத் தாங்குகிறது. நன்கொடையாளர் விரும்பினால் விளம்பரமின்றியே தளத்தைக் காணலாம். ஒரே தூணில் கூரையை நிறுத்தாத அறிவுடைமை இஃது.

நம்பிக்கை என்னும் முதல்

பணம் வரும் வழியை அறிந்தோம். அதனால் வரும் தீங்கையும் அறிதல் வேண்டும். ஒளிப்படக் கருவியை ஆராய்ந்து எழுதுபவர், அக்கருவி விற்பவரிடமே விளம்பரம் பெறுகிறார். குறையை மறைத்து எழுதத் தொடங்கும் நாளில் அவர் தம் முதலையே உண்கிறார். வாசகர் அவரை நாடி வந்தது அவர்தம் நடுவுநிலைமைக்காகவே. அது போனபின் விளம்பரதாரருக்கு விற்க அவரிடம் எதுவும் எஞ்சாது.

இதனாலேயே பொருள் பெற்று எழுதியதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்னும் விதிகள் தோன்றின. இந்திய விளம்பரத் தர மன்றமும் 2021இல் இணையப் புகழாளர்க்கு இத்தகைய நெறிமுறைகளை வகுத்தது. எவ்வகை விளம்பரத்தை ஏற்பது என்பதும் உரிமையாளரின் பொறுப்பே. சூது, மது போன்றவற்றின் விளம்பரங்களைத் தம் தளத்தில் தடுத்து நிறுத்த ஆட்சென்ஸ் திட்டத்திலேயே வழியுண்டு. மாணவரும் சிறாரும் வந்து செல்லும் தளத்தில் அவ்வழியைப் பயன்படுத்தாமை அறமாகாது.

பிறர் கையில் சிக்கும் இடரும் உண்டு. பில் ஆஸ்கி என்பார் 1998இல் தொடங்கிய 'டிபிரிவியூ' என்னும் ஒளிப்படக் கருவித் தளத்தை 2007இல் அமேசான் வாங்கியது. உலகப் புகழ் பெற்றிருந்தும், 2023 மார்ச்சில் அதனை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் வாங்கியமையால் அது பிழைத்தது. பெருவாரியான வாசகர் இருந்தும் தளத்தின் வாழ்வு ஒரு நிறுவனத்தின் முடிவில் தொங்கியதை எண்ணுக.

தமிழும் இவ்வாய்ப்பும்

2018இல் ஆட்சென்ஸ் தமிழ்மொழித் தளங்களுக்கும் இடமளித்தது. அதற்கு முன்னர்த் தமிழில் மட்டும் எழுதியவர்க்கு இவ்வாயில் முறையாகத் திறக்கவில்லை. இன்று நாணயவியலோ, கல்வெட்டோ, வீட்டுத்தோட்டமோ எதுவாயினும் தமிழில் ஆழ எழுதும் மாணவர்க்கு இவ்வாயில் உண்டு. அவர்க்கு நாம் கூற விழைவன சில. முதலில் ஓராண்டேனும் விளம்பரமின்றி எழுதி வாசகரை ஈட்டுக. எந்தக் கட்டுரையை எத்துணைப் பேர் படித்தனர் என்னும் கணக்கைப் பேணுக. பின்னர் அக்கணக்கைக் கையில் ஏந்தி, அத்துறையில் பொருள் விற்கும் வணிகரை நேரே அணுகித் திங்கள் வாடகை பேசுக. கட்டுரை வேறு, விளம்பரம் வேறு என்பது பார்த்த அளவில் புலப்படுமாறு அமைக்க.

நிறைவுரை

முதல் வினாவிற்கு நாம் கண்ட விடை இது: ஏல முறை ஒன்றை மட்டும் நம்பினால் சிறு தளம் வாழ்தல் அரிது, தன் துறை வணிகரையும் வாசகரையும் நேரே துணைக்கொண்டால் வாழ இயலும். இரண்டாம் வினாவிற்கு விடை, வாசகரின் நம்பிக்கையைக் காத்தல். கவனத்தை விற்கலாம், நம்பிக்கையை விற்றல் ஆகாது. இவ்வரம்பை அறிந்தவர் ஈட்டும் பொருள் சிறிதாயினும், அவர் எழுதியது நெடுநாள் நிற்கும்.