ரிவ்யூ போட்டாங்க, காணோம்

கோவையில் சிறு கடைகளின் கூகுள் மேப் பக்கத்தைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். மெஸ், பல் கிளினிக், துணிக்கடை, டூவீலர் ஒர்க்‌ஷாப் என்று பல வகைக் கடைகள். எல்லாரிடமிருந்தும் ஓயாமல் வரும் புகார் ஒன்று உண்டு: "கஸ்டமர் என் கண்ணு முன்னாடி ரிவ்யூ போட்டாருங்க, இப்பத் தேடினா காணோம்." கூடவே சந்தேகமும் வரும். எதிர்க்கடைக்காரன் ஏதோ செய்துவிட்டான், விளம்பரத்துக்குப் பணம் கட்டாததால் அமுக்கிவிட்டார்கள் என்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டுமே இல்லை. ரிவ்யூ எழுதப்பட்ட விதத்திலோ, அதைக் கேட்டு வாங்கிய விதத்திலோதான் காரணம் இருக்கும். இதைச் சொன்னதும் நேர்மையாகக் கடை நடத்துகிறவர்களுக்குத்தான் முதலில் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு மெஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டு நிறைவுக்கு உரிமையாளர் ஓர் அட்டை அடித்துக் கல்லாவில் வைத்தார். ஃபைவ் ஸ்டார் போட்டுப் போனைக் காட்டினால் இளநீர் பாயசம் இலவசம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பந்தி பந்தியாகக் கூட்டம். சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு வரிசையில் நின்றே ரிவ்யூ போட்டார்கள். அடுத்த வாரம் பார்த்தால் அவற்றில் பெரும்பகுதி பக்கத்தில் இல்லை. "நானு காசு குடுத்து ஒருத்தரையும் எழுத வெக்கலீங்க தம்பி. வந்தவங்க அத்தன பேரும் நம்ம கடையில சாப்பிட்டவங்கதானுங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

ரிவ்யூ வரும்போதெல்லாம் கடையின் மின்னஞ்சலுக்கு அறிவிப்பு போகும் என்பதால் மறைந்தவற்றின் வாசகங்கள் அதில் கிடைத்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். "சூப்பர்." "குட் ஃபுட்." "நைஸ்." "டேஸ்ட் சூப்பர்." பாதிக்கு மேல் வெறும் ஸ்டார், வார்த்தையே இல்லை. மறையாமல் நின்றவற்றில் நான்கு ஸ்டார் ரிவ்யூ ஒன்று இருந்தது. எழுதியவர் ஊரில் பல கடைகளுக்கு எழுதுகிறவர். "கருவாட்டுக் குழம்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான். ரெண்டு மணிக்கு மேல போனா தீர்ந்துடும். பார்க்கிங் இல்லை, பின்பக்கச் சந்துல வண்டிய விடலாம்." புதிதாக வருகிற ஒருவருக்கு உதவுவது அந்த நான்கு ஸ்டார்தான். மறைந்துபோன ஐந்து ஸ்டார்களையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து வைத்தாலும் அவற்றைப் படிக்கிறவர்களுக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. உரிமையாளர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சந்துல வண்டி நிக்கறத நாமளே போட்டிருக்கலாமுங்களே" என்றார். அன்றைக்கே பக்கத்தில் சேர்த்தோம்.

ரிவ்யூக்களைச் சலிக்கிற கூகுளின் இயந்திரம், ஒருவர் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்க்கவில்லை. கணக்கு எப்படிப்பட்டது, வேறு எங்கெல்லாம் என்னென்ன எழுதியிருக்கிறது, எந்த நேரத்தில் எத்தனை ரிவ்யூ சேர்ந்தாற்போல வந்தது, வாசகங்கள் ஒரே அச்சில் இருக்கின்றனவா என்று தடத்தைத்தான் அதனால் பார்க்க முடியும். ஒரே ஆள் பல கடைகளுக்கு அதே வாசகத்தை ஒட்டுவதும், ஒரு கடைக்குத் திடீரென்று ஒரு ஸ்டாரோ ஐந்து ஸ்டாரோ குவிவதும் தாங்கள் கவனிக்கும் அடையாளங்கள் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. தெருவில் ஒரே காலையில் ஐம்பது பேர் ஒரே நிறச் சட்டையில் வந்தால், அவர்கள் கல்யாண வீட்டுக்காரர்களாகவே இருந்தாலும் போலீஸ்காரர் திரும்பிப் பார்ப்பார். மெஸ்ஸுக்கு நடந்தது அதுதான். போதாக்குறைக்கு, பாயசம் கொடுத்து ரிவ்யூ வாங்குவதே விதிமீறல். இலவசம், தள்ளுபடி, பணம் என்று எதைக் கொடுத்தும் ரிவ்யூ வாங்கக் கூடாது. கெட்ட ரிவ்யூவை மாற்றவோ எடுக்கவோ ஏதாவது கொடுப்பதும் அதே குற்றம்தான்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு ஓர் எண்ணிக்கை. விதிக்குப் புறம்பானவை என்று 2023இல் 17 கோடிக்கு மேற்பட்ட ரிவ்யூக்களையும் 2024இல் 24 கோடிக்கு மேற்பட்டவற்றையும் தடுத்ததாக அல்லது நீக்கியதாகக் கூகுள் கணக்குச் சொல்கிறது. இத்தனையையும் மனிதர் உட்கார்ந்து படித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இயந்திரம் சலிக்கும்போது நல்லதும் சேர்ந்து போகத்தான் செய்யும். அதன் நஷ்டம் சிறு கடைக்குத்தான் பெரிது. ஆயிரக்கணக்கில் ரிவ்யூ வைத்திருக்கும் பெரிய ஓட்டலுக்கு முப்பது போனால் தெரியாது. நாற்பது ரிவ்யூ வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு எட்டு போனாலே முகம் மாறிவிடும். இதில் நான் கடைக்காரர் பக்கம்தான். ஆனாலும் இந்தச் சல்லடையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போலி ரிவ்யூ முதலில் அடிப்பதும் இதே சிறு கடைகளைத்தான்.

போலிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், ஒரு ரிவ்யூவுக்கு இவ்வளவு ரூபாய்" என்று வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் செய்தி வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முதலில் சில்லறையாகப் பணம் வரும். பிறகு, பெரிய 'டாஸ்க்' கிடைக்க முன்பணம் கட்டு என்பார்கள். கட்டிய பணம் அதோடு போச்சு. வேலை தேடும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் பெண்களும் இதில் மாட்டிக்கொள்வதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். ஆகவே, மாதம் நூறு ரிவ்யூ போட்டுத் தருகிறேன் என்று யாராவது கடையேறி வந்தால், அந்த நூறும் யார் கையால் எழுதப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

உறவுக்காரர் ரிவ்யூ என்று ஒன்று இருக்கிறது. புதுக்கடை திறந்த வாரமே துபாயில் இருக்கும் மாப்பிள்ளையும் சிகாகோவில் இருக்கும் அண்ணன் மகனும் ஐந்து ஸ்டார் போடுவார்கள். பாசத்தில் செய்வது, தப்பான எண்ணமில்லை. ஆனால் கடைப்பக்கமே வராதவர்கள் எழுதுவது விதிப்படி போலிதான். கடையில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் கடைக்கே எழுதுவதும் ஆகாது. பல் கிளினிக் ஒன்றில் வரவேற்பறைப் பெண் உட்பட ஊழியர் அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். அவர்களே எடுத்துவிடுமாறு சொன்னேன். ரேட்டிங் கொஞ்சம் இறங்கியது. டாக்டர் வருத்தப்பட்டாலும் ஒப்புக்கொண்டார். போலியாகச் சேர்த்தது பிடிபட்டால் கொஞ்ச காலத்துக்குப் புது ரிவ்யூவே ஏறாது. இருக்கிற ரிவ்யூக்களும் மறைக்கப்படலாம். போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்ற எச்சரிக்கையைப் பக்கத்திலேயே காட்டவும் கூகுளுக்கு வழியிருக்கிறது. மருத்துவமனைப் பக்கத்தில் அப்படி ஓர் எச்சரிக்கை நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. துணிக்கடைக்காரர் ஒருவரின் மைத்துனர் அங்கே உணவகம் நடத்துகிறார். "யார்கிட்டயும் ரிவ்யூ கேட்கவே கேட்காதீங்க மாமா" என்று அவர் போனில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது அவருக்குச் சரி. அங்கே யெல்ப் என்ற தளம் செல்வாக்கானது. 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. வாடிக்கையாளரிடம் ரிவ்யூ கேட்பதையே அது தடுக்கிறது. எழுதப்படுவதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைத்தான் அதன் மென்பொருள் 'பரிந்துரைக்கப்பட்டவை' என்று முன்னால் வைக்கிறது. சந்தேகப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை அழிக்காமல், பக்கத்தின் அடியில் ஓர் இணைப்புக்குள் ஒதுக்கிவைக்கும். ஸ்டார் கணக்கில் அவை சேராது. லூகா, செர்வாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் உணவகங்களுக்கு யெல்ப்பில் எழுதப்பட்டவற்றில் சுமார் 16 சதவீதம் சலித்து ஒதுக்கப்பட்டிருந்தது. ரிவ்யூ குறைவாக இருக்கிற கடைகளும், அண்மையில் கெட்ட பெயர் வாங்கிய கடைகளும்தான் போலியில் அதிகம் இறங்குகின்றன என்பதும் அதில் தெரிந்தது. என் அனுபவமும் அதுவே. ஒரு மோசமான ரிவ்யூ விழுந்த அன்று இரவுதான் "பத்து ரிவ்யூ ஏத்திடலாமா" என்ற போன் வரும்.

கூகுளில் கேட்கலாம். கேட்பதற்கென்று இணைப்பும் க்யூஆர் கோடும் அவர்களே தருகிறார்கள். ஆனால் எல்லாரிடமும் கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்து, திருப்தியாக இருப்பவர்களிடம் மட்டும் கேட்பது கூடாது. "நல்லா இருந்தா கூகுள்ல போடுங்க, இல்லேன்னா எங்ககிட்டச் சொல்லுங்க" என்ற வாசகம் பல கடைகளில் தொங்குகிறது. கேட்கப் பணிவாக இருந்தாலும் அது விதிக்கு எதிரானது. மெஸ்ஸில் இப்போது இருக்கும் அட்டையில், "சாப்பாடு எப்படி இருந்தது? உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்" என்று மட்டும்தான் இருக்கிறது. ஸ்டார் படம் இல்லை, பாயசம் இல்லை.

எப்போது கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கல்லா முன்னால் நிற்க வைத்து எழுதச் சொன்னால் "சூப்பர்" என்பதைத் தாண்டி எதுவும் வராது. வண்டியை சர்வீஸ் எடுத்துக்கொண்டு போனவருக்கு இரண்டு நாள் கழித்து, "வண்டி இப்ப எப்படி ஓடுதுங்க?" என்று ஒர்க்‌ஷாப்காரர் வாட்ஸ்ஆப்பில் கேட்டு இணைப்பையும் சேர்த்து அனுப்புகிறார். பிரேக் சத்தம் நின்றது, சொன்ன தொகைக்கு மேல் பில் வரவில்லை என்று அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் போனிலிருந்து எழுதுகிறார்கள். தினமும் ஒன்றிரண்டு பேரிடம் கேட்டால் போதும். ஆண்டு விழா, பண்டிகை என்று ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். கடையின் டேப்லெட்டை நீட்டி எழுதச் சொல்வதையும், வாசகத்தை நாமே எழுதிக் கொடுப்பதையும், ஊழியருக்கு மாதம் இத்தனை என்று இலக்கு வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

ஒன்று காணாமல் போனால் முதலில் சில நாள் பொறுங்கள். சில ரிவ்யூக்கள் பரிசீலனைக்குப் பின் தாமதமாகவே ஏறும். எழுதியவரின் கணக்கில் அது தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால் "எனக்குத் தெரியுதே" என்று அவர் சொல்வதும் உண்மைதான். போன் நம்பர், இணையதள முகவரி, கெட்ட வார்த்தை ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டுத் திருத்தச் சொல்லலாம். அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லாதீர்கள். கஸ்டமரை அதற்குமேல் தொந்தரவு செய்வதும் எனக்குச் சம்மதமில்லை. அவர் நமக்காக ஏற்கெனவே ஒரு முறை நேரம் செலவழித்துவிட்டார்.

மறைந்ததைத் துரத்துவதில் செலவாகும் நேரத்தை, கண் முன்னால் இருப்பவற்றுக்குப் பதில் எழுதுவதில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. மெஸ்ஸுக்கு இரண்டு ஸ்டார் ஒன்று வந்தது: "சாம்பார் புளிச்சுப் போயிருந்தது. சொன்னேன், சர்வர் கண்டுக்கல." உரிமையாளர் முதலில் எழுதச் சொன்னது, "எங்கள் கடையில் அப்படி நடக்கவே நடக்காது." நான் சமையல்கட்டில் விசாரிக்கச் சொன்னேன். விசாரித்தால் புகார் உண்மை. கடைசியில் போன பதில் இது: "வணக்கம் சார். ஞாயிறு மதியம் இரண்டாவதாக இறக்கிய சாம்பாரில் குறை இருந்தது உண்மை. நீங்கள் சொன்னதுமே மாற்றி ஊற்றியிருக்க வேண்டும். சமையலிலும் பரிமாறுகிறவர்களிடமும் பேசிவிட்டேன். அடுத்த முறை கல்லாவில் என்னிடமே சொல்லுங்கள்." அவர் ஸ்டாரை மாற்றவில்லை. ஆனால் புதிதாக வருகிற யாரும் அந்தப் பக்கத்தில் குறையைப் படித்தால் பதிலையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். கிளினிக்குகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: வந்தவருக்கு என்ன சிகிச்சை, எந்தப் பல் என்று பதிலில் எழுதக் கூடாது. அவர் உங்கள் நோயாளி என்பதைக்கூடப் பொதுவில் உறுதிப்படுத்த வேண்டாம்.

நம் நாட்டில் சட்டமும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ஆன்லைன் விற்பனையாளர் வாடிக்கையாளர் வேடத்தில் ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அப்போது அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது. அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலி ரிவ்யூ வாங்குவதும் விற்பதும் அபராதத்துக்குரியது.

கடைசியாக, கடைக்கே வராதவர் போடும் ஒரு ஸ்டார். அதே பெயரில் வேறு தெருவில் இருக்கும் கடை என்று நினைத்துப் போட்டிருந்தால், "இது எங்கள் கிளை இல்லைங்க, பில்லைப் பாருங்கள்" என்று எழுதினாலே பலர் எடுத்துவிடுகிறார்கள். விதியை மீறிய ரிவ்யூ என்றால் பக்கத்தின் வழியே புகார் செய்யுங்கள். நிராகரித்தால் ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம். "பிடிக்கவில்லை", "பொய் சொல்கிறார்" என்ற காரணங்கள் அங்கே எடுபடாது. எந்த விதி மீறப்பட்டது என்று சுட்டிச் சொல்ல வேண்டும். ஒரே இரவில் ஒரு ஸ்டார்களாகக் குவித்துவிட்டு "பணம் அனுப்பு, எடுத்துவிடுகிறோம்" என்று செய்தி வந்தால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். கொடுத்தால் மறுபடி வருவார்கள். அந்தச் செய்தி, நம்பர், ரிவ்யூ எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தளத்திலும் சைபர் கிரைமிலும் புகார் கொடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.