பூமாலை போட்டு ஆரம்பித்த போர்

(இலங்கையில் இந்திய அமைதிப்படை: 1987 முதல் 1990 வரை)



சமூக அறிவியல் பாடத்தில் உலகப் போர்களைப் படிக்கிறோம். எந்த நாடு எந்த நாட்டோடு சேர்ந்தது என்று மனப்பாடம் செய்கிறோம். ஆனால் நம் இந்தியப் படையே கடல் தாண்டிப் போய் இரண்டரை வருஷத்துக்கு மேல் சண்டை போட்டது நம்மில் பல பேருக்குத் தெரியாது. அதில் யாருக்கு என்ன நஷ்டம், இன்று வரைக்கும் என்ன பாக்கி இருக்கு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

சண்டைக்கு முன்னால்

இலங்கையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் எல்லாரும் வாழ்கிறார்கள். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1981-ல் யாழ்ப்பாணம் நூலகத்தை எரித்தார்கள். அதில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்களை வீடு புகுந்து கொன்றார்கள். உயிர் பிழைத்தவர்கள் படகு ஏறி ராமேசுவரம் வந்தார்கள்.

அப்போது இந்தியா தமிழ் இளைஞர் இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. நம்ம பக்கத்து சேலம் மாவட்டத்தில் கொளத்தூர் பக்கத்திலும் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1987-ல் இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்தை நெருக்கியது. ஜனங்க சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டாங்க. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் வானத்திலிருந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அந்த வேலைக்கு வைத்த பெயர் "பூமாலை".

ஒப்பந்தம்

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தமிழர் பகுதிக்கு மாகாண ஆட்சி தருவது, இயக்கங்கள் ஆயுதத்தை ஒப்படைப்பது, காவலுக்கு இந்திய அமைதிப்படை போவது என்று பேச்சு.

அடுத்த நாளே, அணிவகுப்பில் நின்ற இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவ் காந்தியை அடித்தார். சிங்களவர் பக்கம் எவ்வளவு கோபம் இருந்தது என்று இதிலேயே தெரிகிறது.

யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் இந்தியப் படைக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு பெரிய ஓட்டை. கையெழுத்துப் போட்டது இரண்டு அரசாங்கங்கள். ஆயுதம் வைத்திருந்த புலிகள் அதில் கையெழுத்துப் போடவே இல்லை. இரண்டு பங்காளி சண்டையைத் தீர்க்க வந்த நாட்டாமை, ஒரு பங்காளியிடம் மட்டும் கைநாட்டு வாங்கின மாதிரி ஆகிவிட்டது.

செப்டம்பர் 26-ல் திலீபன் தண்ணீர் கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். அக்டோபர் 5-ல், இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்த புலிகளில் 12 பேர் விஷம் தின்று இறந்தார்கள். அக்டோபர் 10-ல் போர் ஆரம்பித்துவிட்டது. அமைதிக்குப் போன படையும், அதே நாட்டிடம் பயிற்சி வாங்கியவர்களும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டார்கள்.

உயிர்க் கணக்கு

போன படை வரவர அதிகமாகி ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் வரை ஆனது. கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திரிகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது. 1999-ல் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் ராஜ்யசபாவில் சொன்ன கணக்கு இது:

இறந்த வீரர்கள்: 1,165
காயம் பட்டவர்கள்: 3,009

எண்ணாகப் படித்தால் ஒண்ணும் தெரியாது. நம்ம கணக்குக்குக் கொண்டு வருவோம். ஒரு வகுப்புக்கு 40 பேர் என்றால் 29 வகுப்பு நிறைந்து, இன்னும் 5 பேர் வெளியில் நிற்பார்கள். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து கப்பல் ஏறிய நாள் வரை 969 நாட்கள். அப்படின்னா நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார். பணச் செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

அவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1987 நவம்பர் 25 அன்று நெஞ்சில் குண்டு பட்ட பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சண்டை போட்டு உயிர் விட்டார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களும் அங்கே போனார்கள். இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ்.

துப்பாக்கி இல்லாதவர்கள்

1987 அக்டோபர் 21 தீபாவளி நாள். அன்று இந்தியப் படை யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டது. மறுநாள் வரை நடந்ததில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று சுமார் 70 பேர் இறந்தார்கள். இன்றும் வருஷா வருஷம் அந்த நாளில் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் 50-க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம நாட்டு வீரர் செத்ததை எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் அது பாதி வரலாறு.

புலிகளும் தப்பு செய்யாதவர்கள் கிடையாது. மற்ற இயக்கத்துத் தமிழர்களையே கொன்றார்கள். ராஜினி திராணகம என்று ஒரு டீச்சர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு நடத்தியவர். இந்தியப் படை செய்தது, புலிகள் செய்தது, மற்ற இயக்கங்கள் செய்தது என எல்லாவற்றையும் மறைக்காமல் நண்பர்களோடு சேர்ந்து "முறிந்த பனை" என்ற நூலில் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாப் பக்கத்து உண்மையையும் சொல்பவருக்குப் போரில் எந்தப் பக்கமும் பாதுகாப்பு கிடையாது என்று இதிலிருந்து எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு

திரும்பி வந்த வீரர்களைச் சென்னையில் வரவேற்க அப்போதைய முதலமைச்சர் மு.கருணாநிதி போகவில்லை. தமிழர்களைச் சுட்ட படை என்று இங்கே கோபம். பாவம், அந்த வீரர்கள் தாங்களாகவா போனார்கள்? மேலே இருந்து வந்த உத்தரவுக்குப் போனார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியை மனித வெடிகுண்டால் கொன்றார்கள். கூட இருந்த போலீஸ்காரர்கள், பொதுமக்கள் பலரும் இறந்தார்கள். அதற்குப் பின் நம் ஊருக்குத் தஞ்சம் வந்தவர்களையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். இலங்கையில் போர் 2009 மே மாதம் வரை ஓயவில்லை.

ஒரு நல்லதும் உண்டு. அந்த ஒப்பந்தத்தால் இலங்கை அரசியல் சட்டத்தில் 13-வது திருத்தம் வந்து மாகாண சபைகள் உருவாயின. ஆனால் அதில் சொன்ன அதிகாரம் முழுசாக வரவில்லை என்று தமிழர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அமெரிக்காவும் வியட்நாம் போரில் 58 ஆயிரம் வீரர்களை இழந்து திரும்பியது. வாஷிங்டனில் கறுப்புக் கல்லில் அத்தனை பேர் பெயரும் இருக்கிறது, வியட்நாம் மக்கள் பெயர் அதில் இல்லை. கொழும்பு பக்கத்தில் ஸ்ரீ ஜெயவர்த்தனபுரவிலும் நம் வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் செத்த நர்சு பெயர் அதில் இல்லை.

நம்ம பக்கத்தில்

1983-க்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். பல பேர் திரும்பிப் போனாலும், தமிழ்நாட்டில் இன்றும் 100-க்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் சின்னசேலத்தில் ஒன்று இருக்கிறது. 2021-ல் "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று அரசாங்கம் மாற்றியது.

ஆனால் பெயர் மாறினால் போதுமா? 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்கு, அம்மா அப்பாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை கிடைக்கும் என்பது சட்டம். அதனால் முகாமில் பிறந்து, நம்ம பாடப் புத்தகத்தையே படித்து, கல்யாணமும் ஆகி, ஓட்டு இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. போருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் காலமாகிவிட்டார்கள். செலவை மட்டும் அப்போது பிறக்காதவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியவர்கள் சட்டத்தை மாற்றட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கபடி போட்டியிலோ, பஸ்ஸிலோ, டியூஷனிலோ முகாம் பிள்ளைகளைப் பார்த்தால் "டேய் அகதி" என்று கூப்பிடாதீர்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

விடை சொல்லுங்கள் பார்ப்போம் (எல்லாம் கட்டுரைக்குள்ளேயே இருக்கு)

1. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதது யார்? அதனால் என்ன ஆச்சு?
2. "முறிந்த பனை" எழுதியவர்களில் ஒரு டீச்சர் யார்?
3. நம் மாவட்டத்தில் மறுவாழ்வு முகாம் உள்ள ஊர் எது?
4. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் படை அனுப்பும் முன்னால் யார் யாரைக் கேட்க வேண்டும்? (இதற்கு மட்டும் சொந்தமாக யோசிச்சு எழுதி வகுப்பு லீடரிடம் கொடுங்கள். நல்ல பதில்கள் அடுத்த தாளில் வரும்.)

ஆக்கம்: ஒன்பதாம் வகுப்பு மாணவி