போட்டோ எடிட்டிங்: கூலி எவ்வளவு கேட்கலாம்?

பூதலூரில் வீட்டிலிருந்தபடியே தஞ்சாவூர், திருச்சி ஸ்டுடியோக்களுக்குக் கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறீர்களா? "பார்த்துக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். நிறம், வெளிச்சம் சரிசெய்யப் படத்துக்கு 4 நிமிடம் என்றால், 100 படத்துக்கு 6 மணி 40 நிமிடம். படங்களை இறக்குவது, பொறுக்குவது, சொன்ன திருத்தத்தைச் செய்து மறுபடி அனுப்புவது எல்லாம் சேர்ந்தால் 10 மணி நேரம் ஆகிவிடும். மணிக்கு 100 ரூபாய் வேண்டுமென்றால் படத்துக்கு 10 ரூபாய் கேட்க வேண்டும். 7 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் மூன்று மணி நேர உழைப்பு வீண்.

எல்லாப் படத்துக்கும் ஒரே விலை கூடாது. பூஞ்சை பிடித்துக் கிழிந்துபோன தாத்தா படத்தை மீட்பது தனி வேலை. கறையை எடுக்கும்போது மீசையும் கண்ணும் மாறிவிட்டால், வீட்டாருக்கு அது யாரோ ஒருவர் படம்தான். பொறுமையாகச் செய்யுங்கள், அதற்கேற்ற கூலியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆல்பம் என்றால் தாளுக்கு இவ்வளவு என்று பேசலாம்.

பாதி முன்பணம், இரண்டு முறைக்கு மேல் திருத்தம் கேட்டால் தனிக் கட்டணம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை அதிகம் வராது. அதற்காக விலையை இறக்காதீர்கள். இறக்கினால் ஆவணியிலும் அதே விலைக்குத்தான் கேட்பார்கள்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை.