காமாக்கதிர் வந்த திசை எது?

குறுங்காமாக்கதிர் வெடிப்பு பெரும்பாலும் 2 நொடிக்குள் முடிந்துவிடும். காமாக்கதிரை வளிமண்டலம் தடுப்பதால் விண்கலமே அதை நேரடியாக உணரும். திசையை எப்படி அறிவது?

இரு கலங்களின் இடைவெளி 6 இலட்சம் கி.மீ. என்க. முதற்கலத்தை அடைந்த கதிர் 1 நொடி கழித்து அடுத்ததை அடைகிறது. அந்நொடியில் ஒளி கடக்கும் தொலைவு 3 இலட்சம் கி.மீ. எனவே,

கொசைன் கோணம் = 3/6 = 1/2; கோணம் = 60°.

இரு கலங்களையும் இணைக்கும் கோட்டுடன் 60° அமையும் திசைகள் வானில் ஒரு வட்டமாகும். மூன்றாம் கலம் மற்றொரு வட்டம் தரும். அவை வெட்டும் இரு புள்ளிகளுள் ஒன்றே மூலம்.

2007 பிப்ரவரி 1 வெடிப்பின் திசை இம்முறையில் கணிக்கப்பட்டது. ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் பகுதியும் அத்திசையில் அடங்கியது.

“முக்கோணவியல் எதற்கு?” எனக் கேட்கும் பத்தாம் வகுப்பு மாணவருக்கு இக்கணக்கைக் கொடுங்கள். கால வேறுபாடு 0 எனில் கோணம் எவ்வளவு? அவர்களே கண்டறியட்டும்.