இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்றால் பயப்பட வேண்டுமா?



கிளினிக்குப் போய் வந்தவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாடி கொறஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாருங்க. நெஞ்சு நின்னுருமா? பிரஷர் குளிசையாலதான் இப்படின்னு பக்கத்து காம்பரா அக்கா சொல்றாங்க. நிப்பாட்டிரவா?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இம்முறைப் பாடத்தை இதற்கே ஒதுக்கியுள்ளோம். முதலில் ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறோம்: குளிசையை நீங்களாக நிறுத்தாதீங்க. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

மெதுவான துடிப்பு என்றால் என்ன?

வளர்ந்த ஒருவர் சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிப்பது வழமை. 60க்குக் குறைந்தால் அதை வைத்தியர்கள் 'பிரடிகார்டியா' என்பார்கள். மெதுவான இதயத்துடிப்பு என்பதே அதன் பொருள். இந்த எண் மட்டும் நோய் ஆகாது. தூக்கத்தில் எல்லாருக்கும் துடிப்பு குறையும். ஓட்டக்காரருக்கும், உடம்பை வருத்தி உழைத்துப் பழகிய சிலருக்கும் இதயம் ஒரே துடிப்பில் கூடுதலான இரத்தத்தைத் தள்ளும். அவர்களுக்கு 50, 55 என்று இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். தலைசுற்று, மயக்கம், மூச்சு வாங்குதல், தாங்க முடியாத அலுப்பு ஆகியவை சேர்ந்து வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

ஏன் குறைகிறது?

பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால்தான் ஆட்கள் மலைக்குப் போவார்கள். கூப்பிடுவது பிந்தினாலும் வேலை பிந்தும். கூப்பிட்ட செய்தி போய்ச் சேராவிட்டாலும் வேலை பிந்தும். இதயமும் இப்படித்தான். அதன் வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறு இடம் மின் துடிப்பை எழுப்பிக் கீழறைகளுக்கு அனுப்புகிறது. வயதாலோ, முன்பு வந்த மாரடைப்பாலோ அந்த இடம் அல்லது அந்த வழி பழுதானால் துடிப்பு குறையும். தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் குறையும். அப்போது குளிர் தாங்காது, உடம்பு பருக்கும், மலச்சிக்கல் வரும். மருந்து அடிக்கும் ஆட்களுக்கு வாயில் எச்சில் வடிந்து, வியர்த்து, வாந்தியோடு துடிப்பும் குறைந்தால் அது பூச்சிமருந்து நஞ்சாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

மருந்தாலும் குறையும். அட்டெனொலோல், பிசொப்ரொலோல், புரொப்ரனொலோல் என்று 'லோல்' என முடியும் மருந்துகள், வெரபமில், டில்டியாசெம், டிகொக்சின் ஆகியவை துடிப்பைக் குறைக்கக் கூடியவை. கண் அழுத்தத்துக்கு விடும் டிமொலோல் சொட்டு மருந்துகூடக் குறைக்கும். அம்லொடிபின், லொசார்ட்டன் போன்ற பிரஷர் மருந்துகள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஆகவே எல்லாப் பிரஷர் குளிசையையும் ஒரே கணக்கில் போட வேண்டாம்.

பக்க விளைவும் பயமும்

'லோல்' மருந்துகளின் வேலைகளில் ஒன்றே துடிப்பைத் தணித்து இதயத்தின் பாரத்தைக் குறைப்பதுதான். அளவுக்கு மீறித் தணிந்தால்தான் தொல்லை. கை கால் சில்லிடுதல், அலுப்பு, எழும்பும்போது தலைசுற்று, கெட்ட கனவு ஆகியவை சிலருக்கு வரும். பலருக்கு உடம்பு பழகப் பழகக் குறையும். இழுப்பு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இந்த மருந்து மூச்சை அடைக்கலாம். சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சீனி இறங்கும்போது வரும் நெஞ்சுப் படபடப்பை இது மறைத்துவிடும். வியர்வையை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு பாய்ந்து, பிரஷர் ஏறி, நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். நாடி 50க்குக் கீழே போய்த் தலையும் சுற்றினால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காதீங்க. அன்றைக்கே, அடுத்த குளிசையை விழுங்குமுன், தோட்டத்து மருந்துச்சாலையில் காட்டிக் கேளுங்கள்.

நாடியை எண்ணுவது எப்படி?

ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஆறுங்கள். மறு கையின் மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே, மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். பெருவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதற்கே துடிப்பு உண்டு. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணி, திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை எழுதச் சொல்லலாம்.

கிளினிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்க. கடையில் வாங்கியதையும் கண் மருந்தையும் கசாயத்தையும் விட்டுவிடாதீங்க. ஈ.சி.ஜி. எடுப்பார்கள்; வலிக்காது, கரண்டும் அடிக்காது. தேவைப்பட்டால் இதயத்தைத் துடிக்க வைக்கும் சிறு கருவியை நெஞ்சில் தோலுக்குக் கீழே பொருத்துவார்கள். 1958இல் சுவீடனில் உடம்புக்குள் முதன்முதலாக இக்கருவி வைக்கப்பட்டவர், இடையில் பல தடவை கருவியை மாற்றிக்கொண்டு, 2001 வரை உயிரோடு இருந்தார்.

கிளினிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும். அதை லேசான காரியம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சரிவான மலையில், முதுகில் கொழுந்தோடு மயங்கி விழுந்தால் போவது ஒரு நாள் பேர் மட்டுமல்ல. தலை சுற்றும் நாளில் கங்காணியிடம் சொல்லுங்கள். கிளினிக் திகதியை எங்களிடம் முன்கூட்டியே சொன்னால் லீவு பற்றித் தோட்ட அலுவலகத்தோடு பேசலாம்.

யாராவது மயங்கி விழுந்தால், நெஞ்சுவலி வந்தால், பேச்சுத் தடுமாறினால், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம் மூன்றையும் தெளிவாகச் சொல்லி, ஒருவரைப் பாதைக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள்.