மீன் தொட்டிச் செடி: அழுகுதுன்னு தூக்கிப் போடாதீங்க!



எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து உள்கடன் வாங்கி, அலங்கார மீன் தொழிலில் இறங்கினோம். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி மூன்று. வெறும் மீனாக விற்பதைவிட, உயிருள்ள செடி வைத்த தொட்டியாக விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம். சென்னை கொளத்தூருக்குப் போய் 1,800 ரூபாய்க்குச் செடி வாங்கி வந்தோம். பத்தே நாள்தான். இலையெல்லாம் கண்ணாடி மாதிரி வெளிறி, கூழாகக் கரைந்து, தண்ணீர் நாறிப்போச்சு. எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டோம்.

அந்த மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: “பாசி வாங்கவாம்மா குழுப் பணத்தைக் கொடுத்தோம்?” பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தவணையைக் களையெடுப்புக் கூலியில்தான் கட்டினோம்.

கோபத்தில், விற்றவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வேரைப் பாத்தீங்களாம்மா?” என்று ஒரே கேள்வி கேட்டார். ஓடிப்போய்க் குழியைக் கிளறினோம். வேர் எல்லாம் வெள்ளையாகக் கெட்டியாக இருந்தது. ஈரத்தில் கிடந்த இரண்டு மூன்று செடிகள் துளிர்கூட விட்டிருந்தன. மற்றவை வெயிலில் காய்ந்து போயிருந்தன. சாகாத செடியை நாங்களே சாகடித்திருக்கிறோம்!

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறோம்.

இலை ஏன் கரைகிறது?

நாங்கள் வாங்கியதில் பாதிக்கு மேல் கிரிப்டோகோரைன் என்ற செடி. கடைகளில் அதிகம் கிடைக்கும் ‘வெண்ட்டி’ என்ற வகையின் சொந்த ஊர் இலங்கை. இந்தச் செடிக்கு இடம் மாறினால் பிடிக்காது. தண்ணீர் மாறினாலும் வெளிச்சம் மாறினாலும் இலையை உதிர்த்துவிட்டு, வேரை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. பண்ணைகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் மூழ்கினால் தாங்காது. தண்ணீருக்குள் வாழ ஏற்ற புது இலை பிறகுதான் வரும். அதற்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகும்.

நாற்று நட்ட வயல் முதல் வாரம் எப்படி இருக்கும்? மஞ்சளாகச் சோர்ந்துதானே கிடக்கும்? யாராவது பிடுங்கிப் போடுவோமா? நாற்று நட்டே வளர்ந்த எங்களுக்கு, கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் அது மறந்துபோச்சு.

ஆகவே கரைந்த இலையை மட்டும் கிள்ளி வெளியே எடுத்துவிடுங்கள். விட்டால் தண்ணீர் கெடும். வேரைத் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். வேரும் தண்டும் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நாறினால் மட்டும் எறியுங்கள்.

விளக்கைக் கூட்டாதீங்க

பெரிய ஊர்களில் கரியமில வாயு சிலிண்டர் வைத்து, கண்ணைப் பறிக்கும் விளக்குப் போட்டுச் செடி வளர்க்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். சிலிண்டர் இல்லாத தொட்டியில் செடி மெதுவாகத்தான் வளரும். அவசரப்பட்டு விளக்கை மட்டும் கூட்டினால், செடி சாப்பிடாத வெளிச்சத்தைப் பாசி சாப்பிடும். அடுப்பில் தண்ணீர் இல்லாமல் தீயை மட்டும் ஏற்றினால் சோறு அடிபிடிப்பதில்லையா, அது மாதிரிதான்.

இரண்டடித் தொட்டிக்குச் சுமார் 10 வாட் எல்.இ.டி. விளக்கு, நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் நம்ம ஊருக்கு ஆகாது. பாசியும் பிடிக்கும், சித்திரை வெயிலில் தண்ணீரும் கொதிக்கும். பாசி பிடித்துவிட்டால் விளக்கு நேரத்தைக் குறைத்து, மீனுக்குப் போடும் தீனியையும் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவுதான் தீனி.

எந்தச் செடி, எப்படி நடுவது?

புதிதாகத் தொடங்குவோருக்கு வாலிஸ்நேரியாதான் எங்கள் சிபாரிசு. நம் ஊர்க் குளங்களிலேயே நாடா மாதிரி நீண்ட இலையோடு வளர்வது இந்த இனம்தான். கடினமான போர்த் தண்ணீரையும் தாங்கும். வல்லாரை மாதிரி ஓடுதண்டு விட்டுக் குட்டி போடும். குட்டியைப் பிரித்து விற்கலாம். நடும்போது வேரை மட்டும் மணலில் புதைத்து, இலை கிளம்பும் கழுத்தை வெளியே விடுங்கள். கிரிப்டோகோரைனுக்கும் அப்படித்தான். ஹைட்ரில்லா வேகமாக வளரும். பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்துக் குமிழி காட்டினார்களே, அதே செடிதான்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் வேறு ரகம். இஞ்சி மாதிரி ஒரு தண்டுக்கிழங்கு இருக்கும். கிழங்கைக் கண்டால் புதைக்கத்தான் நமக்குக் கை போகும்! இதைப் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டி வையுங்கள்.

மீனில் கப்பி, மோலி, பிளாட்டி செடியோடு ஒத்துப்போகும். தங்கமீன் வேண்டாம், செடியைக் கடித்துத் தின்னும், மணலைக் கிளறி வேரோடு பிடுங்கும்.

குழாய்த் தண்ணீரைத் திறந்த அண்டாவில் ஒரு நாள் வைத்து, குளோரின் வாடை போன பிறகு ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். ஸ்பாஞ்ச் பில்டரைக் குழாயடியில் கழுவாதீர்கள். மீன் கழிவை மாற்றிக் கொடுக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுங்கள்.

இலை சொல்லும் சேதி

இது நமக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். நெல்லில் அடியிலை மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை என்போம். நிலக்கடலையில் கொழுந்திலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. தொட்டியிலும் அதே கணக்கு. பழைய இலை முழுக்க மஞ்சளானால் தழைச்சத்து. பழைய இலையில் ஓட்டை ஓட்டையாக விழுந்தால் பெரும்பாலும் சாம்பல்சத்து. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. சுண்ணாம்பு நிலத்தில் கடலை வெளுக்குமே, அதுபோலக் கடினமான தண்ணீரில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது.

ஆனால் வைத்தியம் வயல் வைத்தியம் இல்லை! எங்களில் ஒருத்தி ஆசைப்பட்டு ஒரு சிட்டிகை யூரியா போட்டாள். இரண்டாம் நாள் ஏழு கப்பி மிதந்தன. யூரியா தண்ணீரில் அமோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். தொழுவுரம், மண்புழு உரம் எதுவும் வேண்டாம். வயலுக்கு வாங்கிய நுண்ணூட்டக் கலவையும் கூடாது, அதிலுள்ள தாமிரம் மீனுக்கு ஆகாது. தழைச்சத்தை மீன் கழிவே பெரும்பாலும் கொடுத்துவிடும். மற்றதற்கு மீன் கடையில் வேருக்கடியில் வைக்கும் சத்து மாத்திரை கிடைக்கிறது. அதை வாங்கி வையுங்கள்.

இரவில் கவனம்

பகலில் பிராணவாயு கொடுக்கும் செடி, இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். சூடான தண்ணீரில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இதுதான் காரணம். கோடையில் இரவு முழுக்கக் காற்று மோட்டார் ஓடட்டும்.

இன்னொன்று, மிஞ்சிய செடியையும் மீனையும் ஊர்க் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவந்த செடிதான். அதை வெட்டி மாளாமல் ஊர் ஊராகப் படும் பாட்டை நாம் பார்க்கிறோமே. வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.

குப்பைக்குழியில் தப்பிய மூன்று செடிகளை மறுபடி நட்டோம். இன்று முதல் தொட்டி நிறைய நிற்பது அதன் குட்டிகள்தான். கேள்வி கேட்ட அக்கா வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது, காசு கொடுத்துத்தான் வாங்கினார்.

உங்கள் செடிக்கு என்ன நோய் என்று தெரியவில்லையா? அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பழைய இலை ஒன்று, புது இலை ஒன்று கிள்ளி, தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டுக் கொண்டு வாங்க. உட்கார்ந்து பார்ப்போம்.