விமானி உரிமம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிள்ளையை விமானியாக்க நிலத்தை அடகு வைக்கவும் துணிகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் பணம் கட்டும் முன் சரிபார்க்க வேண்டிய ஐந்து நம்பிக்கைகள் இவை.

நம்பிக்கை: கண்ணாடி போட்டவர் விமானியாக முடியாது.

உண்மை: முடியும். கண்ணாடி அணிந்தபின் பார்வை உரிய அளவில் தெளிவாக இருந்தால் போதும்; பணியின்போது மாற்றுக் கண்ணாடி ஒன்றும் உடன் இருக்க வேண்டும். போர் விமானிகளுக்கான கடுமையான விதியைப் பொதுவிதியாக எண்ணிப் பலர் ஆசையைக் கைவிடுகிறார்கள். நிறங்களைப் பிரித்தறியும் திறனில் குறை இருந்தால் அது தடையாகலாம்.

நம்பிக்கை: சி.பி.எல். கிடைத்ததும் ஏர்பஸ் ஓட்டலாம்.

உண்மை: இந்தியாவில் சி.பி.எல். என்ற வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் மாணவருடையது. இந்த நேரம் பெரும்பாலும் செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் சேர்வது. ஏர்பஸ் 320-க்கு ஒரு தகுதி, போயிங் 737-க்கு வேறொரு தகுதி என்று தனித்தனியாகப் பயிற்சி பெற்றுத் தேற வேண்டும். அதன் பிறகும் கிடைப்பது துணை விமானியின் இருக்கைதான்.

நம்பிக்கை: சில ஆண்டுகள் பணிசெய்தால் தானாகவே கேப்டன் ஆகலாம்.

உண்மை: அதற்கு ஏ.டி.பி.எல். என்ற மேல்நிலை உரிமம் வேண்டும். குறைந்தது 21 வயது, 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம், தனித் தேர்வுகள் ஆகியவை அதற்குத் தேவை. நிறுவனம் தரும் கேப்டன் பயிற்சியிலும் தேற வேண்டும்.

நம்பிக்கை: ஓட்டத் தெரிந்தவர் கற்றுத்தரவும் செய்யலாம்.

உண்மை: சி.பி.எல். மட்டும் இருந்தால் ஒருவர் கற்பிக்க முடியாது. அதற்கெனப் பயின்று, தேர்வு எழுதி, முதலில் உதவிப் பயிற்றுநராகி, மூத்த பயிற்றுநரின் மேற்பார்வையில் பணியாற்ற வேண்டும். மாணவர் செய்யும் தவற்றை எதுவரை பொறுத்துப் பார்ப்பது, எந்த நொடியில் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுப்பது என்பது தனித் திறமை. முதன்முறை மாணவரைத் தனியே வானுக்கு அனுப்பும்போது பயிற்றுநர் தன் கணிப்பை நம்பி ஓர் உயிரை அனுப்புகிறார். வேலை கிடைக்காதவர்களின் புகலிடம் என்று இந்தப் பணியை இகழ்வது பெரும் பிழை.

நம்பிக்கை: ஒருமுறை தேறினால் ஆயுள் முழுதும் விமானி.

உண்மை: பட்டம் போல மாட்டிவைக்கும் சான்றிதழ் அல்ல இது. விமான நிறுவன விமானிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் திறன் சோதனைக்கு உட்பட வேண்டும். எந்திரம் பழுதானால் என்ன செய்வார்கள் என்று அங்கே சோதிப்பார்கள். மருத்துவச் சோதனையும் குறித்த காலத்தில் திரும்பத் திரும்ப வரும். பயணிகளை ஏற்றிச் செல்ல, கடந்த 90 நாட்களில் குறைந்தது மூன்று முறை விமானத்தை மேலெழுப்பி இறக்கியிருக்க வேண்டும். 65 வயதானதும் பயணிகள் விமானம் ஓட்ட முடியாது.

ஆகவே, பெற்றோரே, கட்டணம் கட்டும் முன் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கேட்கும் மருத்துவச் சோதனைகளை முதலில் முடியுங்கள். விமானப் பயிற்சிப் பள்ளி அந்த இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். வங்கிக் கடன் அதற்குப் பிறகு.